பூட்டினால் புண்ணியம் உண்டா?



"சுவாமி, பிள்ளையின் போனில் சில ஆப்களை மாத்திரம் பூட்டி வைக்கலாமா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். "பூட்டி வைத்ததனால் பாவம் செய்யாமலிருந்தால், அதில் என்ன புண்ணியம் இருக்கிறது?" என்று அதே வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். இரண்டும் நல்ல கேள்விகள். முதலாவது, இல்லறக் கடமையைப் பற்றியது. இரண்டாவது, மனிதனுடைய சுயாதீனத்தைப் பற்றியது. இரண்டாவதற்கு மறுமொழி தெரியாமல் முதலாவதற்கு மறுமொழி சொல்ல முடியாது. ஆகையால் இந்த வாரம் இரண்டையும் சேர்த்தே ஆராய்வோம்.

1957-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி பாப்பரசர் 12-ம் பத்திநாதர் சினிமா, ரேடியோ, டெலிவிஷன் ஆகியவற்றைப் பற்றி ஒரு நிருபம் எழுதினார். அவற்றை அவர் சபிக்கவில்லை. சர்வேசுரன் மனிதனுக்குக் கொடுத்த புத்தியின் பலன்கள் என்று போற்றி, விழிப்போடு உபயோகிக்கும்படி புத்தி சொன்னார். அந்தக் காலத்தில் நன்மைக்கும் தின்மைக்கும் வழிகள் வெவ்வேறாயிருந்தன. சினிமாவுக்குப் போகிறவன் கொட்டகைவரை நடக்கவேண்டும். சூதாடுகிறவன் சூதாடும் இடத்தைத் தேடிப் போகவேண்டும். போகும்போது நாலு பேர் கண்ணில் படவும் வேண்டும். இன்றோ எல்லாம் ஒரே கண்ணாடிக்குள் வந்துவிட்டன. அன்றைய திருப்பலி வாசகமும், பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவும், ஒட்டன்சத்திரத்துக் காய்கறி விலையும், வெளிநாட்டில் உழைக்கும் தகப்பனுடைய முகமும் அதில்தான். சீட்டாட்டமும் அசுத்தக் காட்சியும் முடிவில்லாத வீண் வேடிக்கையும் அதில்தான். பார்க்கிறவர் யாருமில்லை.

இதனால் "போனையே பிடுங்கிவிடு" என்பது பல வீடுகளில் நடவாத காரியம். சில சமயம் நியாயமுமல்ல. அரிசிப் பானையில் எலி புகுந்ததென்று வீட்டையே பூட்டிவிட்டுத் தெருவில் நிற்பார் உண்டோ? எந்த அறையில் எலி இருக்கிறதோ அதைப் பார்த்துச் சரிசெய்வதே விவேகம்.

அதற்கான வசதி போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்றும், ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்றும் ஒரு பகுதி உண்டு. இரண்டும் 2018-ல் வந்தவை. ஓர் ஆப்புக்கு நாளொன்றுக்கு அரை மணி என்று வைத்தால், அரை மணி தீர்ந்ததும் அது மூடிக்கொள்ளும், மறுநாள்தான் திறக்கும். பிள்ளைகளுக்கென்று கூகுள் நிறுவனம் 'பேமிலி லிங்க்' என்ற ஒன்றை வைத்திருக்கிறது. தாய் தகப்பன் தங்கள் போனிலிருந்தே, பிள்ளை புதிதாய் இறக்க விரும்பும் ஆப்புக்கு உத்தரவு கொடுக்கலாம், மறுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் நேரம் குறிக்கலாம், இரவில் பூட்டலாம். இவையன்றி, விரல்ரேகையோ ரகசிய எண்ணோ இல்லாமல் ஓர் ஆப் திறவாதபடி செய்யும் பூட்டும் பல போன்களில் உண்டு.

பூட்டைப் பற்றித் திண்டுக்கல்காரருக்குப் பாடம் சொல்லத் தேவையில்லை. 2019-ம் ஆண்டில் நம் ஊர்ப் பூட்டு புவிசார் குறியீடு பெற்றது. மாங்காய்ப் பூட்டு செய்கிற தொழிலாளி, பூட்டைச் செய்யும்போதே சாவியையும் செய்கிறார். சாவியில்லாத பூட்டு பூட்டல்ல, சுவர். திறக்கவேண்டியவன் திறக்கவும், திறக்கக் கூடாதவன் திறவாமலிருக்கவுமே பூட்டு உண்டாயிற்று. ஆகவே எந்தப் பூட்டைக் கண்டாலும் நாம் கேட்கவேண்டியவை மூன்று: அது எதைக் காக்கிறது? சாவி யார் கையில் இருக்கிறது? எப்பொழுது திறக்கப்படும்?

தனக்குத் தானே போடும் பூட்டு

அர்ச். அகுஸ்தினார் தமது வாழ்க்கை வரலாற்றில் அலிப்பியுஸ் என்ற தம் சிநேகிதரைப் பற்றிச் சொல்லுகிறார். மனிதரை மனிதர் வெட்டிக் கொல்லும் ரோமாபுரி வேடிக்கைகளை அலிப்பியுஸ் அருவருத்தார். தோழர்கள் ஒருநாள் பலவந்தமாய் இழுத்துப் போனார்கள். "என் உடலை இழுத்துப் போகலாம், என் கண்ணைத் திறக்க உங்களால் ஆகாது" என்ற எண்ணத்தோடு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். காது திறந்திருந்தது. கூட்டம் ஒரு பெரும் கூச்சல் போட்டது. என்னவென்று பார்க்கக் கண்ணைத் திறந்தார், அவ்வளவுதான். பிறகு அவரே மற்றவர்களை அழைத்துப் போகும் அளவுக்கு அந்த வெறி அவரைப் பிடித்துக்கொண்டது. பிற்காலத்தில் சர்வேசுரனுடைய வரப்பிரசாதத்தால் அதிலிருந்து விடுபட்டு மேற்றிராணியாரானார் என்பது வேறு விஷயம். அவர் விழுந்ததற்குக் காரணம் யாதெனில், சோதனை வந்த பிறகு அதை ஜெயிக்கத் தம்மால் முடியும் என்று தம்மையே நம்பியதுதான்.

ஞானோபதேசத்தில் நாம் சிறு வயதிலேயே படித்தது இது: பாவத்தை மாத்திரமல்ல, பாவ சமயத்தையும் விலக்கவேண்டும். பாவசங்கீர்த்தனம் செய்கிறவன் இரண்டையும் விலக்குவதாகவே வாக்குக் கொடுக்கிறான்.

ஆட்சேபம்: "பூட்டின் பின்னால் ஒளிந்துகொள்வது கோழைத்தனமல்லவா? சோதனையை நேருக்கு நேர் ஜெயித்தால்தானே புண்ணியம்?"

மறுமொழி: புண்ணியம் என்பது ஒரு விநாடியில் நடந்து முடிகிற செயலன்று, ஆத்துமத்தில் ஊன்றிய நல்ல பழக்கம் என்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் போதிக்கிறார். அந்தப் பழக்கம் வேரூன்றும்வரை கன்றுக்கு வேலி போல் காவல் வேண்டும். மேலும், ஒருவன் எப்பொழுது அதிகச் சுயாதீனமாயிருக்கிறான்? இரவு பதினொரு மணிக்குக் களைத்துப் படுத்து, விரல் தானாய்த் தள்ள, ஒன்றன்பின் ஒன்றாய் வேடிக்கை பார்க்கும்போதா? காலையில் தெளிந்த மனதோடு உட்கார்ந்து, "இது எனக்கு ஆகாது, இதற்கு ஒரு பூட்டுப் போடுகிறேன்" என்று தீர்மானிக்கும்போதா? ஆசை இழுத்த பக்கம் போவதுதான் சுயாதீனமென்றால், மூக்கணாங்கயிறு அறுந்த மாடுதான் நம்மெல்லாரிலும் சுயாதீனமுள்ளது. தெளிந்த வேளையில் தன் சித்தத்தால் போட்ட பூட்டு, சுயாதீனத்தின் செயலே. அதில் புண்ணியம் உண்டு.

ஆனால் ஒன்று. டிஜிட்டல் வெல்பீயிங் பூட்டின் சாவி பூட்டியவன் கையிலேயே இருக்கிறது. நேரத்தை மாற்றுவது அவனுக்கு ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷ யோசனையும் நல்லதுதான். ஆயினும் பலவீனத்தை அறிந்தவன், பூட்டும் ரகசிய எண்ணை மனைவியையோ அண்ணனையோ வைக்கச் சொல்லுவது உத்தமம். இதில் அவமானமில்லை. சம்பளக் கவரை அப்படியே மனைவி கையில் கொடுத்துவிடும் குடும்பஸ்தனை ஊரார் மெச்சத்தானே செய்கிறார்கள்?

பிள்ளைகளுக்குப் போடும் பூட்டு

1963-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி பாப்பரசர் 6-ம் சின்னப்பர் வத்திக்கான் சங்கத்தோடு சேர்ந்து வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏடு, ஆத்துமத்துக்குக் கேடான காட்சிகளும் ஏடுகளும் வீட்டுக்குள் நுழையாதபடி பார்த்துக்கொள்வது பெற்றோரின் பாரமான கடமை என்று கற்பிக்கிறது. ஆகையால் பெற்றோர் பூட்டலாமா என்பதல்ல கேள்வி. எப்படிப் பூட்டவேண்டும் என்பதே கேள்வி.

முதலாவது, வெளிப்படையாய்ப் பூட்டவேண்டும். "இந்த ஆட்டத்தைப் பூட்டியிருக்கிறேன், காரணம் இது" என்று பிள்ளைக்குச் சொல்லவேண்டும். சொல்லாமல் அவன் செய்திகளை எல்லாம் ஒளிந்து வாசிப்பது காவலல்ல, வேவு. காவலைப் பிள்ளை பொறுத்துக்கொள்ளும்; வேவு பார்த்ததைக் கண்டுபிடித்தால் அப்புறம் எதையும் உங்களிடம் சொல்லாது.

இரண்டாவது, வயதுக்கு ஏற்பப் பூட்டைத் தளர்த்தவேண்டும். பதினேழு வயதுப் பிள்ளையை ஏழு வயதுப் பிள்ளை போல் நடத்துகிறவர், அவன் கல்லூரி விடுதிக்குப் போகிற நாளில் எல்லாச் சாவிகளையும் ஒரே நேரத்தில் கொடுக்கவேண்டி வரும். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற தகப்பன் கொஞ்சங் கொஞ்சமாய்த்தான் கையை எடுக்கிறான்.

மூன்றாவது, பூட்டுகிற கை சுத்தமாயிருக்கவேண்டும். மகனுடைய விளையாட்டைப் பூட்டிவிட்டு, நடுச்சாமம்வரை போனைப் பார்த்துச் சிரிக்கிற தகப்பனுடைய பூட்டை எந்தப் பிள்ளையும் மதியாது.

முடிவில் பிள்ளை தன் பூட்டைத் தானே போடவேண்டும். அர்ச். கார்லோ அக்குத்திஸ் என்பவரைப் பாருங்கள். கம்ப்யூட்டரில் தேர்ந்த அந்த இத்தாலிய வாலிபர், தேவநற்கருணைப் புதுமைகளை உலகுக்குக் காட்ட அதையே உபயோகித்தார். வீடியோ விளையாட்டுக்கோ வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே அளவு வைத்துக்கொண்டார். 2006-ல் பதினைந்தாம் வயதில் மரித்த அவரை, 2025 செப்டம்பர் 7-ந் தேதி பாப்பரசர் 14-ம் சிங்கராயர் அர்ச்சியசிஷ்டராகப் பிரசித்தப்படுத்தினார்.

பிறர்மேல் போடும் பூட்டு

பெற்றோரின் அதிகாரத்தைக் கண்டு எல்லாரும் அதை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். மனைவியின் போனை வாங்கி, "இதில் பேஸ்புக் கூடாது, வாட்ஸ்அப் கூடாது" என்று தன்னிஷ்டப்படி அழிக்கிற புருஷன் உண்டு. மெய்விவாகத்தில் அவள் அவனுக்குத் துணைவியாய்க் கொடுக்கப்பட்டாள், மகளாயல்ல. புருஷனும் மனைவியும் பேசி ஒருமனப்பட்டு இருவர் போனிலும் ஒரே ஒழுங்கு வைத்துக்கொண்டால் அது அழகு. ஒருவர் மாத்திரம் சாவியை வைத்துக்கொண்டால் அது சந்தேகத்தின் பூட்டு. சந்தேகம் எந்தக் குடும்பத்தையும் காத்ததில்லை.

நம் மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களிலும் நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலைசெய்த பெண்பிள்ளைகளைப் பற்றி, சுமங்கலித் திட்டம் பேசப்பட்ட காலத்தில் பல அறிக்கைகள் வெளிவந்தன. போன் வைத்துக்கொள்ள விடவில்லை, வீட்டாரோடு தாராளமாய்ப் பேச விடவில்லை என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வந்த முறைப்பாடு. "அவர்கள் பாதுகாப்புக்காகத்தான்" என்று சொல்லலாம். ஆனால் மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். தன் துன்பத்தைத் தாயிடம் சொல்ல முடியாமல் ஒரு பெண்ணைத் தடுக்கிற பூட்டு யாரைக் காக்கிறது? அவளையா, அவள் சொல்லக்கூடியதற்குப் பயப்படுகிறவனையா? பாதுகாப்பு என்ற பெயர் வைத்துவிட்டதனால் அநீதி நீதியாகிவிடாது.

மறைக்கும் பூட்டு

காக்கும் பூட்டு போலவே மறைக்கும் பூட்டும் உண்டு. அதே விரல்ரேகைப் பூட்டைக்கொண்டு, தாய் காணக்கூடாததை மகனும், மனைவி காணக்கூடாததைப் புருஷனும் மறைத்து வைக்கலாம். வங்கிக் கணக்கைப் பூட்டுவது விவேகம். நம்பிக்கையோடு நம்மிடம் ஒருவர் சொன்ன அந்தரங்கத்தைப் பூட்டி வைப்பது கடமை. அப்படியானால் நல்ல பூட்டையும் கெட்ட பூட்டையும் பகுத்தறிவது எப்படி? கேட்க உரிமையுள்ளவர் கேட்டால், எதற்காகப் பூட்டினேன் என்று நாணமில்லாமல் சொல்ல முடியுமா? முடிந்தால் அது நல்ல பூட்டு. சொல்ல நா எழவில்லையென்றால், உள்ளே இருப்பதை மனச்சாட்சி ஏற்கெனவே அறிந்திருக்கிறது.

சர்க்கார் போடும் பூட்டு

சில பூட்டுகளைக் குடும்பம் தனியே போட முடியாது. ஆன்லைன் ரம்மியில் பணமிழந்து கடனாளியாகி, உயிரையே மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் நம் மாகாணத்தை உலுக்கின. தமிழ்நாடு 2022-ல் சட்டம் இயற்றிற்று. 2025 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, பணம் வைத்து ஆடும் ஆட்டங்களில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர் சேரக் கூடாது; நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை யாருமே ஆடக் கூடாது. வயது வந்தவனின் சுயாதீனம் என்று கம்பெனிகள் வாதாடின. அவ்வாண்டு ஜூன் 3-ந் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதிகளைச் செல்லும் என்றது. ஆகஸ்டில் மத்திய சர்க்கார் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த ஐந்து மணி நேரத் தடையில் ஒரு ஞானமிருந்தது. விட்டதைப் பிடிக்கவேண்டும் என்ற வெறி, வீடு உறங்கித் தான் மாத்திரம் விழித்திருக்கும் நேரத்தில்தான் மனிதனை அடித்துச் செல்லுகிறது.

எனினும் சட்டத்தின் பூட்டுக்கு ஓர் எல்லையுண்டு. 2019 ஏப்ரல் 3-ந் தேதி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்கைத் தடுக்க உத்தரவிட்டது. அதே மாதம் 24-ந் தேதி தடை நீங்கிற்று. 2020 ஜூன் 29-ந் தேதி மத்திய சர்க்கார், தேசப் பாதுகாப்பைக் காரணங்காட்டி, டிக்டாக் உட்பட 59 ஆப்களைத் தடைசெய்தது. அத்துடன் வேடிக்கை ஒழிந்ததா? சில வாரங்களில் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. செப்டம்பரில் யூடியூபில் ஷார்ட்ஸ் வந்தது. கதவு மாறிற்று, கால் மாறவில்லை. வெளியேறின அசுத்த அரூபி, கூட்டிப் பெருக்கி வெறுமையாயிருந்த வீட்டைக் கண்டு, வேறு ஏழு அரூபிகளோடு திரும்பி வந்ததாக நமதாண்டவர் சொன்ன உவமை இதற்கே பொருந்தும். பூட்டு வீட்டை வெறுமையாக்கும், நிரப்பாது. பூட்டினால் மிச்சமான அரை மணியில் அன்பு குடியேறாவிட்டால், வேறொன்று குடியேறும்.

மகாராஷ்டிராவில் சாங்லி ஜில்லாவிலுள்ள வட்காவ் என்ற கிராமத்தார் 2022-ல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். மாலை ஏழு மணிக்குச் சங்கு ஊதும்; ஒன்றரை மணி நேரம் டெலிவிஷனும் போனும் ஓயும்; பிள்ளைகள் படிப்பார்கள். நமக்குச் சங்கு எதற்கு? கோவிலில் மாலைத் திரிகால மணி அடிக்கிறதே!

ஆகையால் ஒவ்வொரு குடும்பமும் இந்த வாரம் இப்படிச் செய்வதாகத் தீர்மானியுங்கள்.

1. ஞாயிறு பூசைக்குப் பிறகு எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து, அவரவர் தனக்குப் பாவ சமயமான அல்லது காலத்தைத் தின்னுகிற ஓர் ஆப்பைத் தாமே பெயர் சொல்லிப் பூட்டவேண்டும். தகப்பனார் முதலில்.

2. மாலை மணி அடித்தது முதல் ஜெபமாலையும் இராச் சாப்பாடும் முடியும்வரை எல்லாப் போன்களும் ஒரே மேசைமேல் கிடக்கட்டும்.

3. ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் உட்கார்ந்து, எந்தப் பூட்டைத் தளர்த்தலாம், எதை இறுக்கலாம் என்று பேசுங்கள். பிள்ளைகள் சொல்வதையும் கேளுங்கள்.

நசரேத்தூர்த் திருக்குடும்பம் உங்கள் வீடுகளைக் காப்பதாக.

இங்ஙனம்,
உங்கள் பங்குக் குரு