பிறப்பும் பேறும்: ‘அசன்பேயுடைய கதை’யின் உட்பொருள் குறித்து ஒரு நோக்கு

கண்டியிற் பிறந்த மு. கா. சித்திலெவ்வை (1838–1898) 1885இல் வெளியிட்ட ‘அசன்பேயுடைய கதை’ ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமாக ஆய்வாளர் பலராற் கொள்ளப்படுவது. அளவிற் சிறிய இந்நூலுக்கு ‘முதல் நாவல்’ என்ற தகுதியை வழங்கிவிட்டு, அதன் பொருளை ஆராயாது அப்பாற் செல்வதே நம்மிடையே பெருவழக்கு. முதன்மை என்பது காலம் தந்த பேறு. அதற்கு அப்பால் இந்நூல் எழுப்பும் அறவினா யாது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

எகிப்து நாட்டில் உயர்குடியிற் பிறந்த குழந்தையொன்று கவர்ந்து செல்லப்பட்டு, தன் குலம் இன்னதென அறியாது பம்பாயில் வளர்கின்றது. வளர்ந்த அசன் கல்கத்தாவை அடைந்து கல்வி பெறுகின்றான். பல இடர்களைக் கடந்து, ஈற்றில் எகிப்து சென்று பெற்றோரைக் காண்கின்றான். பிறப்பறியாப் பிள்ளையின் கதை நமக்குப் புதிதன்று. எனினும் கர்ணனுக்குப் பிறப்பின் உண்மை தீராச் சுமையாயிற்று. அசனுக்கோ அது பரிசாகின்றது.

இக்குழந்தையை ஒரு சமூகத்தின் குறியீடாகக் கொள்ள இடமுண்டு. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கிய ஆசிரியர், தம் சமூகம் நவீன கல்வியிற் பின்தங்கியமை கண்டு வருந்தியவர். 1884இல் கொழும்பிற் பாடசாலை தோன்ற உழைத்தவர். தன் பெருமையை அறியாத பிள்ளையும், கல்வி வழியே வீடு திரும்பும் இளைஞனும் அவரது உள்ளக்கிடக்கையின் வடிவங்கள் எனலாம். மேலும், 1882இல் ஆங்கிலேயரிடம் தோல்வியுற்ற எகிப்தியத் தலைவர் ஒறாபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். பின்னர் 1901 வரை கண்டியில் வாழ்ந்தார். எகிப்தை இழந்த ஒருவர் இத்தீவிற் கரையேறிய இரண்டாண்டுகளுள், எகிப்தை மீண்டும் அடையும் ஒருவனின் கதை தமிழில் வெளிவந்தமை மனங்கொள்ளத்தக்கது. ஆயினும் காலப் பொருத்தம் ஒன்றே சான்றாகிவிடாது. நூல் தாங்கக்கூடிய அளவுக்கே நாம் அதன்மீது பொருளை ஏற்றலாம்.

இனி, நம்மை உறுத்தும் வினாவுக்கு வருவோம். அசன் உயர்குடியிற் பிறந்திராவிடின் அவனது நற்பண்புக்கு மதிப்பில்லையா? ‘நல்ல குலத்தவன்; ஆதலால் நல்லவன்’ என்ற பழைய நம்பிக்கையைத்தான் இக்கதை புதுவடிவில் உரைக்கின்றதா? அவ்வாறு வாசிக்க இடமுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கதையின் ஒழுங்கு வேறொன்றை உணர்த்துகின்றது. பிறப்பின் உண்மை ஈற்றிலேயே வெளிப்படுகின்றது. அதற்கு முன்னரே அசன் உருவாகிவிட்டான். இடைவழியில் அவனுக்கு உதவியோர் உதவியது பெயரறியாப் பிள்ளையொருவனுக்கே. பாஷா ஒருவரின் புதல்வனுக்கன்று. வாசகராகிய நாமும் அவனை நேசிக்கத் தொடங்கியது அவன் குலம் பெருமை பெறுமுன்னரே. ஆகவே குலம் அவனது பண்புக்குக் காரணமாக அன்றி, கதைக்கு முடிவாகவே நிற்கின்றது. ஆசிரியரின் வாழ்வும் இவ்வாசிப்புக்கே துணைநிற்கின்றது. கண்டியிற் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை அமைத்த அவர், கல்வியை உயர்குடியினரின் தனியுரிமையாகக் கருதியவரல்லர்.

இவ்வினா பழங்கதையோடு முடிந்துவிடுவதன்று. மகாவலிக் கரையிலுள்ள பேராதனை வளாகத்துக்கு வரும் மாணவனை அனுமதிப்பது பரீட்சைப் பெறுபேறு; அது அவன் குலத்தை வினவுவதில்லை. ஆனால் விடுதியில் அவனைச் சந்திக்கும் நாம் முதலிற் கேட்பது யாது? “எந்த ஊர்? ஆருடைய பிள்ளை?” அவ்வினாவில் அன்பும் இருக்கலாம், அளவுகோலும் இருக்கலாம். அசனின் கதையை இறுதிப் பக்கத்திலிருந்து வாசிப்போர்க்கு விடை குலமாகவே இருக்கும். முதற்பக்கத்திலிருந்து வாசிப்போர், விடையறியாத நிலையிலும் ஒருவனை நேசிக்க இயலும் என்பதைக் கற்றுக்கொள்வர்.