ருசித்தால் விரதம் கெடுமா?

புரட்டாசி பிறந்தால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விஞ்ஞானமும் கூடவே பிறந்துவிடும். வருடா வருடம் அதே செய்தி, அதே கும்பிடும் கைகள். கோடை முழுக்கச் சூடேறிக் கிடந்த பூமி, மழையில் நனைந்ததும் உள்ளிருக்கும் வெப்பத்தைக் கக்குமாம். அந்த நேரத்தில் அசைவம் வயிற்றுக்கு ஆகாதாம். அதனால்தான் முன்னோர்கள் சொன்னார்களாம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதை நம்பலாம், நம்பாமல் போகலாம். நான் இருப்பது மலேசியாவில், சாலாக் செலாத்தானில். இங்கே கோடை என்று தனியாக ஒன்று வந்து போவதில்லை. சித்திரையிலும் வியர்க்கும், மார்கழியிலும் வியர்க்கும். பருவம் கப்பல் ஏறவில்லை, விரதம் மட்டும் ஏறி வந்தது.

அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. காரணம் கழன்று விழுந்த பிறகும் நிற்கிற விரதத்தின் மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது. வயிற்றுக்காக என்றால் மருந்துக் கடைக்குப் போகலாமே, பெருமாளை எதற்கு இழுக்க வேண்டும்?

ஆனால் என் மருமகள் கேட்ட கேள்வி வேறு மாதிரி. சிரம்பானில் பிறந்த பெண், எதையும் நேராகக் கேட்பாள். ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, படையல் முடிந்து இலையில் உட்கார்ந்திருந்தோம். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, புடலங்காய்க் கூட்டு, பயத்தங்காய்ப் பொரியல், பீர்க்கங்காய்த் தோல் துவையல். இரண்டாம் முறை துவையலைப் போட்டுக்கொண்டவள் கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அத்தை, சாமிக்காக எதையாவது விடணும்னுதானே விரதம்? நாம மட்டனை விட்டுட்டு அதைவிட நல்லாச் சாப்பிடறோமே. இது எப்படி விரதமாகும்?"

என் நாத்தனார் உடனே, "சாப்பிடறப்ப பேசக்கூடாதும்மா" என்றார். அது பதில் ஆகாது. மருமகள் நாற்பது வயது தாண்டிய ஆசிரியை, அவளை அப்படி வாயடைக்க முடியாது. என்னையும்தான். தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். நல்ல கேள்விக்கு முழு மதிப்பெண் போட்டே பழக்கம்.

அவள் கேள்விக்குப் பின்னால் ஒரு மரபே இருக்கிறது. மாத்வர்கள் சாதுர்மாஸ்யத்தின் முதல் மாதத்தில் காய்கறியையே விட்டுவிடுவார்கள். சாக விரதம் என்று பெயர். அடுத்த மாதம் தயிர், அதற்கடுத்து பால், கடைசியில் பருப்பு வகை. நமக்கு எது விரதச் சாப்பாடோ, அதுவே அவர்களுக்கு விட வேண்டிய பொருள். சமணர்கள் கிழங்கைத் தொடமாட்டார்கள். தோண்டி எடுத்தால் செடியே போகும், மண்ணில் இருக்கும் சிற்றுயிரும் போகும் என்பது அவர்கள் கணக்கு. தொல்காப்பியத்தின் மரபியலும் புல்லையும் மரத்தையும் உயிர்ப் பட்டியலில்தான் வைக்கிறது, தொடுவுணர்வு உடைய ஓரறிவுயிராக. ஆக, "காய்தானே சாப்பிடுகிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள யாருக்கும் பெரிதாக இடமில்லை.

கீதை இன்னும் கறாராகப் பேசுகிறது. இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்வதன் சாரம் இது: உண்ணாமல் இருப்பவனை விட்டுப் பொருள்கள் விலகிப் போகும், ஆனால் அவற்றின் மேல் உள்ள ருசி போகாது. மருமகள் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

இந்த இடத்தில் காய் வந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என் பதில் புரியாது.

பந்திங் போகும் வழியில், தெனாகா நேஷனலின் உயர் அழுத்த மின்கோபுரங்களுக்குக் கீழே ஒரு குடும்பம் காய்கறி போடுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படிப் பல தோட்டங்கள் உண்டு, பெரும்பாலும் சீனர்களுடையவை. இது தமிழ்க் குடும்பம். பெரியவர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். மகனும் மருமகளும்தான் இப்போது எல்லாம். நிலம் அவர்களுடையது அல்ல. கம்பிக்குக் கீழே உயரமான மரம் வைக்கக் கூடாது, ஆகவே முருங்கை அங்கே கிடைக்காது. வெண்டை, கத்தரி, பாகல், புடல், பீர்க்கு, பயத்தங்காய், சிறகவரை, சிவப்புக் கீரை. கேமரன் மலையிலிருந்து லாரி லாரியாக இறங்கும் கோசும் காரட்டும் நல்ல காய்கள்தான். ஆனால் மலைக் குளிரில் விளைந்ததை வைத்து நம் அடுப்பில் பாதிக் குழம்புகூட வைக்க முடியாது. நம் சமையலுக்கு வேர்க்கிற மண்ணில் விளைந்த காய் வேண்டும்.

வெண்டைக்காயை ஒரு நாள் பறிக்காமல் விட்டால் போதும், நார் ஏறிவிடும். அங்கே விடியற்காலையில் பறித்ததை வாங்கி நுனியை விரலால் தள்ளினால் டக்கென்று ஒடியும். வளைந்து கொடுத்தால் அதைத் திரும்பக் கூடையிலேயே போட்டுவிடுவேன். தோட்டக்காரத் தம்பிக்கு இது தெரியும். சிரித்துக்கொண்டே, "உங்ககிட்ட என்னிக்கு டீச்சரம்மா முத்தின காயைக் கொடுத்தேன்?" என்பார்.

அவர் சைவம் இல்லை. புரட்டாசியில்கூட சனிக்கிழமை மட்டும்தான். மற்ற நாளில் அவர் கத்தரிக்காய் கருவாட்டோடுதான் சேரும். ஒரு முறை நான் வாய் தவறி, "உயிரைக் கொல்லாத சாப்பாடு" என்று ஏதோ சொல்லிவிட்டேன். அவர் ஒரு கத்தரிக்காயைப் பிளந்து காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளிந்தது. "இதைக் கொல்லாம கத்தரிக்கா ஏதும்மா? ராத்திரி டார்ச் அடிச்சு நத்தை பொறுக்கறோம். வாளி நிறைய வரும். அதையெல்லாம் என்ன, வீட்ல வச்சா வளர்க்கறோம்?" காய்த்துளைப்பான் புழு புகுந்த காயை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. தோட்டத்தில் ஒரு மாதத்தில் செத்துப் போகும் உயிர்களை எண்ணினால், ஓர் ஆட்டைவிட அதிகம்தான்.

அப்படியானால் புரட்டாசி பொய்யா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வள்ளுவர் புலால் மறுத்தலை வைத்த இடத்தைப் பாருங்கள். அது 26ஆம் அதிகாரம், துறவறவியலில் வருகிறது. இல்லறவியலில் வைக்கவில்லை. விருந்தோம்பச் சொன்ன இடம் வேறு, ஊனை மறுக்கச் சொன்ன இடம் வேறு. குடும்பம் நடத்துகிறவர்கள் துறவியிடம் ஒரு மாதத்தைக் கடன் வாங்கிக்கொள்வதுதான் புரட்டாசி என்று நான் நினைத்துக்கொள்வேன். ஐப்பசியில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். தீபாவளிக் காலையில் எங்கள் வீட்டிலும் ஆட்டிறைச்சி கொதிக்கும், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? துறவியாக ஒரு மாதம் இருந்து பார்ப்பதற்கும் துறவி என்று சொல்லிக்கொள்வதற்கும் தூரம் அதிகம்.

சரி, ருசிக்கு வருகிறேன். படையலுக்குச் சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது. தமிழ் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த விதி. கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கும் வேலையெல்லாம் சனிக்கிழமை கிடையாது. உப்பைக் கை சொல்ல வேண்டும், புளியை நிறம் சொல்ல வேண்டும். குழம்பு இறங்கும் பதம் கொதிக்கிற சத்தத்தில் தெரிய வேண்டும். இந்த விதியில்தான் மருமகளுக்கான பதிலில் பாதி இருக்கிறது. ருசியே பாவம் என்றால், பெருமாளுக்கு உப்பில்லாமல் படைத்துவிட்டுப் போகலாம். யாரும் அப்படிச் செய்வதில்லை. காஞ்சிபுரத்தில் வரதருக்கு மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட கோயில் இட்லி. அழகர் கோயிலில் தோசை. திருப்பதியில் லட்டு. இங்கே கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமை வரிசையில் நின்று பாருங்கள், அன்னதானச் சாம்பாரைப் பற்றிப் பேசாதவர் இருக்கமாட்டார். சமைப்பவரிடம் முழு ருசியைக் கேட்டு, அதே சமயம் அவர் நாக்கைக் கட்டிப் போடுகிறது நம் வழக்கம்.

ஆண்டாளும் இந்தப் பக்கம்தான். திருப்பாவை நோன்பு இரண்டாம் பாசுரத்தில் நெய்யையும் பாலையும் விடுவதில் தொடங்குகிறது. இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் கையில் வழிய, எல்லோரும் கூடி உட்கார்ந்து பால்சோறு உண்பதில் போய் முடிகிறது. தனியாக உண்ணாமல் விட்டதை, அவனோடு சேர்ந்து உண்பது. விட்ட பொருள்தான் திரும்பி வருகிறது, பாருங்கள். வேறு ஏதோ ஒன்று அல்ல.

பீர்க்கங்காயில் ஒரு சிக்கல் உண்டு. சில காய்கள் கசக்கும், பார்வைக்குத் தெரியாது. அதனால் நறுக்கும்போது ஒரு துண்டைக் கடித்துப் பார்ப்பது வழக்கம். படையலுக்கோ கடிக்கக் கூடாது. கசந்த காயைத் துவையலாக அரைத்துப் பெருமாள் முன் வைத்துவிட்டு, பிறகு நாம் சாப்பிடும்போது முகம் சுளிப்பதா? பாசாரில் வாங்கினால் இதற்கு வழியே இல்லை. விற்பவருக்கே அது எங்கே காய்த்தது என்று தெரியாது.

தோட்டக்காரத் தம்பி இதைத் தீர்த்து வைத்தார். நான் நிற்கும்போதே கொடியிலிருந்து ஒரு காயை அறுத்து, கத்தியால் நுனியைச் சீவி, வாயில் போட்டு மென்றார். "இனிக்குதும்மா. இந்தக் கொடியில மத்ததும் கசக்காது" என்று, அதே கொடியில் மூன்று காய்களைப் பறித்துக் கொடுத்தார். காலையில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட வாய் அது. விஷயம் தெரிந்ததும் என் நாத்தனாருக்கு மனசு ஒப்பவில்லை. சாமிக்குப் போகிற காய்க்கு அந்த வாயா சாட்சி என்றார். நான் சபரியைச் சொன்னேன். கடித்துப் பார்த்து இனித்த பழத்தை இராமனுக்குக் கொடுத்தாள் என்ற கதை வால்மீகியில் இல்லை. மக்கள் பின்னால் சேர்த்துக்கொண்டது. ஏன் சேர்த்துக்கொண்டார்கள்? கடவுளுக்குக் கொடுப்பது நன்றாக இருக்க வேண்டும், அதற்கு ஒரு நாக்கு பொறுப்பேற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் தம்பி சபரிக்கும் ஒரு படி மேல். அவர் கடித்த காயை அவரே தின்றுவிட்டார். எச்சில் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்தப் பீர்க்கங்காயைத்தான் அன்றைக்கு அரைத்தேன். முதலில் நரம்புகளின் முனையை மட்டும் சீவி எறிந்துவிட வேண்டும், அது அரைபடாது. பிறகு தோலைக் கொஞ்சம் சதையோடு எடுத்து, நல்லெண்ணெயில் பச்சை வாடை போகும்வரை வதக்க வேண்டும். உளுந்தும் காய்ந்த மிளகாயும் பெருங்காயமும் தனியே சிவக்க வறுபட வேண்டும். புளி நெல்லிக்காய் அளவுக்குக் குறைவாக. உப்பு. கொரகொரப்பாக அரைத்தால் போதும், மையாக அரைத்தால் உளுந்து வறுத்தது வீண். சதையை இன்னொரு நாள் கூட்டுக்கு வைத்துக்கொண்டேன். குப்பைக்குப் போனது நரம்பு மட்டும்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் சீன ஆன்ட்டிக்கு ஒரு கிண்ணம் கொடுப்பது உண்டு. அவர்களுக்கும் புரட்டாசியை ஒட்டி ஒன்பதாம் சந்திர மாதத்தில் ஒன்பது நாள் சைவம் வரும். அம்பாங் கோயிலுக்கு வெள்ளை உடுத்திப் போவார்கள். அந்த நாட்களில் மட்டும் வாசலிலேயே நிறுத்தி, "வெங்காயம், பூண்டு இருக்கா?" என்று கேட்பார். துவையலில் இல்லை, வாங்கிக்கொள்வார். சைவ மட்டன் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று எனக்குச் சொல்வதும் அவர்தான்.

இந்தச் சைவ மட்டனோடுதான் எனக்கு ஒத்துப்போவதில்லை. சோயாவையும் கோதுமைப் பசையையும் ஆட்டின் நார் போலப் பிய்ந்து வருகிற மாதிரி செய்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். நம் திருமண விருந்துகளில் இப்போது அது இல்லாத பந்தி அபூர்வம். செய்வதும் விற்பதும் அவரவர் விருப்பம், சீன பௌத்தர்களின் சமையலில் அதற்கென்று நீண்ட வழக்கமும் இருக்கிறது. நான் சொல்வது என் அடுப்பைப் பற்றி. ஒரு மாதம் ஆட்டை நினைக்காமல் இருப்பதாகப் பெருமாளிடம் சொல்லிவிட்டு, ஆட்டின் சாயலையே தட்டில் வைத்துக்கொண்டால், கீதையில் கண்ணன் சொன்ன அந்தப் போகாத ருசியை நாமே பத்திரப்படுத்தி வைத்துக்கொள்கிறோம். பீர்க்கங்காய்த் துவையலைத் தின்கிறவள் பீர்க்கங்காயைத்தான் தின்கிறாள். அவள் நாக்கு வேறெங்கும் போகவில்லை.

மருமகளிடம் இதைத்தான் சொன்னேன். ருசிப்பதால் விரதம் கெடாது. விட்டதை மனசுக்குள் மென்றுகொண்டிருந்தால் கெடும். அவள் கேட்டுக்கொண்டாள், ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப கஷ்டமே இல்லாத விரதத்துக்கு என்ன மதிப்பு அத்தை?" என்றாள். கஷ்டம் இருந்தது, அவள் கண்ணில் படவில்லை. விடியற்காலையில் காய் பறித்தவர்களுக்கு இருந்தது. காலை முழுக்க வாயில் ஒரு துளி வைக்காமல் அடுப்படியில் நின்ற எனக்கும் கொஞ்சம் இருந்தது. உண்பவர் படும் கஷ்டத்தை மட்டும் எண்ணுவது சரியான கணக்கு இல்லை. அடுத்த சனிக்கிழமை அவளே சமைக்கிறேன் என்றாள். சமைத்தாள். உப்பு கொஞ்சம் தூக்கல், ருசி பார்க்காமல் செய்ததால் வந்தது. நான் இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன்.

நீங்கள் கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ பந்திங்கிலோ இருந்தால் ஒன்று செய்யுங்கள். கம்பிக்குக் கீழே போட்ட இந்தத் தோட்டங்கள் எத்தனை நாள் இருக்கும் என்று அங்கே உழைப்பவர்களாலேயே சொல்ல முடியாது. இருக்கும்வரை, சனிக்கிழமைப் படையலுக்கான பீர்க்கங்காயையாவது அதை வளர்த்தவரிடம் கசக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.