யார் சொல் எதுவரை செல்லும்?

கர்ப்பப்பையில் கட்டி இருப்பதாக ஸ்கேன் காட்டிவிட்டால் போதும், அதன்பின் ஒரு பெண்ணுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. உடனே எடுத்துவிடு என்பார் ஒருவர். கத்தியே படக் கூடாது, கஷாயத்திலேயே கரைந்துவிடும் என்பார் இன்னொருவர். எல்லாம் உடம்புச் சூடு என்று முடித்துவிடுவார் வீட்டு மூத்தவர். கைபேசியைத் திறந்தால் வீடியோக்கள் வரிசைகட்டி நிற்கும். இதில் எதை நம்புவது என்ற திண்டாட்டத்தை விழிப்புணர்வுக் குறைவு என்று சொல்லிவிடுவது நமக்கு வசதி. தகவல் போய்ச் சேராததால்தான் பெண்கள் தவறான முடிவுக்கு வருகிறார்கள் என்று அதற்குப் பொருள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தகவல் தேவைக்கு மேலேயே குவிந்திருக்கிறது. கலைந்து கிடப்பது வரம்பு: எந்தச் சான்று எதைப் பற்றிப் பேசத் தகுதியுடையது என்ற வரம்பு. ஆகவே இது மருத்துவக் கேள்வியாவதற்கு முன்பே தத்துவக் கேள்வி. அதுவும் இந்த மண்ணில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்ட கேள்வி.

மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் நின்று கேட்டது, எதைக் கொண்டு உன் கொள்கையை மெய்யென்கிறாய் என்பதைத்தான். கண்டதை மட்டுமே நம்புவேன் என்றவர் உலோகாயதர். காட்சியும் கருதலும் (ஊகமும்) போதும் என்றனர் பௌத்தர். சைவ சித்தாந்திகளோ காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, கொண்டனர். இதில் உரை என்பது நம்பத்தகுந்தவரின் சொல். அப்படிப்பட்டவரை நியாய சூத்திரம் ஆப்தர் என்கிறது. வேதத்தை ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்வி வரும்போது அந்நூல் துணைக்கு அழைப்பது எதை என்பதுதான் சுவையான செய்தி: ஆயுர்வேதத்தை. மருத்துவ நூல் சொன்னபடி செய்தால் பலன் தெரிகிறதல்லவா, அந்த நம்பகம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் வேதத்தின் நம்பகமும் வந்தது என்கிறது. மறைநூலுக்கு மருந்து சாட்சி சொல்கிறது! உரையெழுதிய வாத்ஸ்யாயனர், ஆப்தருக்கு மூன்று தகுதிகள் சொல்கிறார்: பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும், உயிர்களிடம் இரக்கம் வேண்டும், உள்ளதை உள்ளபடி சொல்லும் விருப்பம் வேண்டும். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் சேர்க்கிறார். பிறப்போ பட்டமோ இந்தக் கணக்கில் வரவில்லை. அறிந்திருப்பதே முதல் தகுதி என்றால், ஒருவர் அறிந்த எல்லை வரைதான் அவர் ஆப்தர் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. என் வாதம் அந்த எல்லையைப் பற்றியது.

முதலில் நோயாளியின் சொல். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் காட்சியை நான்காகப் பிரிக்கும்போது, இன்ப துன்பத்தைத் தானே உணர்வதைத் தன்வேதனைக் காட்சி எனத் தனி வகையாக வைக்கிறது. தனக்கு வலிக்கிறதா இல்லையா என்பதில் ஒரு பெண்ணைவிடப் பெரிய அதிகாரி கிடையாது. மருத்துவம் இதை ஒப்புக்கொள்ள நாளாயிற்று. ஒரு மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் போனால்தான் அது மிகைப்போக்கு என்று ஆய்வாளர்கள் நீண்ட காலம் அளந்துகொண்டிருந்தார்கள். 2007-ல் பிரிட்டனில் மருத்துவ நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டுதலில் அந்த அளவுகோலை ஒதுக்கியது. ஒரு பெண்ணின் உடல், மனம், அன்றாட வாழ்க்கை ஆகியவற்றைக் குலைக்கிற அளவுக்குப் போக்கு இருந்தால் அதுவே மிகை என்று வரையறுத்தது. தத்துவ மொழியில் சொன்னால், தன்வேதனைக்கு உரிய இடத்தை அளவைநூலில் திருப்பிக் கொடுத்தது. நம் ஊரில் அந்த இடம் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. தீட்டு என்று ஒதுக்கி வாய்பேசாமல் வைத்த விஷயத்தில், தனக்குப் போவது அதிகம் என்று அறிவதற்கே ஒரு பெண்ணுக்கு ஒப்பீடு இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினர் இரத்தசோகையோடு இருந்தார்கள். அதற்கு உணவு உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனால் மாதாமாதம் மிகுதியாக இரத்தம் இழந்துகொண்டே, பெண் என்றால் களைப்பு சகஜம் என்று நம்பவைக்கப்பட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

தன்வேதனைக்கும் எல்லை உண்டு. துன்பம் இருப்பதை அது ஐயமறச் சொல்லும். துன்பம் எதனால் என்று சொல்லாது. ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பைத் தசையில் ஒரு செல்லிலிருந்து கிளைத்துப் பெருகும் கட்டி. பெரும்பாலும் புற்று அன்று. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் அதை வளர்க்கும். மாதவிடாய் நின்றபின் பொதுவாகச் சுருங்கும். அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஆய்வொன்று, 50 வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கும் இக்கட்டி தோன்றியிருக்கும் என்று கணித்தது. இவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. உட்சவ்வை ஒட்டி வளர்ந்த சிறு கட்டி இரத்தத்தைக் கொட்டவைக்கும். வெளிப்புறம் வளர்ந்த பெரிய கட்டி சத்தமில்லாமல் கிடக்கும். ஆகவே கட்டி இருக்கிறது, வலியும் இருக்கிறது என்பதிலிருந்து கட்டியால்தான் வலி என்று முடிவுகட்டுவது கருதலளவையில் பிழை. அடினோமையோசிஸ், எண்டோமெட்ரியோசிஸ், தைராய்டு, இரத்தம் உறைவதில் கோளாறு என்று வேறு காரணங்களும் வரிசையில் உண்டு.

கஷாயத்தில் கரைந்தது என்ற சாட்சியமும் இங்கேதான் தடுக்கி விழுகிறது. 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 72 பெண்களின் 262 கட்டிகளை எம்.ஆர்.ஐ. மூலம் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரே பெண்ணின் கர்ப்பப்பையில் ஒரு கட்டி வளர, இன்னொன்று அப்படியே இருந்தது. சில தாமாகவே சுருங்கின. நாற்பத்தெட்டு வயதில் ஒரு மூலிகைப் பொடியைத் தொடங்கியவருக்கு ஐம்பத்திரண்டில் கட்டி சிறுத்தால் அந்தப் பெருமையைப் பொடிக்குக் கொடுப்பதற்குமுன் மாதவிடாய் நின்றதைக் கேட்க வேண்டாமா? குயவரின் மண்ணைச் சுமந்துவந்த கழுதை பானைக்குக் காரணமாகாது என்று பின்னாளைய நியாய நூல்கள் சொல்வது இத்தகைய உடனிகழ்வைத்தான். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. கட்டி சிறுத்ததும் உண்மை, அவர் குடித்ததும் உண்மை. இரண்டையும் முடிச்சுப்போடும் தகுதி அவருடைய அனுபவத்துக்கு இல்லை, அவ்வளவுதான். அதே முடிச்சை விலை போட்டு விற்பவருக்கு இந்தச் சலுகையைத் தர எனக்கு மனமில்லை.

மருத்துவரின் சொல்லுக்கும் இதே சட்டம். கட்டி எங்கே இருக்கிறது, எத்தனை, எவ்வளவு பெரியது, இரத்தப்போக்கை மாத்திரையில் அடக்க முடியுமா, கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் கருவி உதவுமா, கட்டியை மட்டும் நீக்கலாமா, இரத்தநாளத்தை அடைக்கலாமா, எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்பதிலெல்லாம் அவர் ஆப்தர். “பிள்ளை பெற்றாயிற்று, இனி கர்ப்பப்பை எதற்கு?” என்று கேட்கும் கணத்தில் அவர் தன் எல்லையைத் தாண்டிவிடுகிறார். அது மருத்துவ அறிவு அன்று. பெண்ணுடம்பு எதற்காக இருக்கிறது என்பதைப் பற்றிய ஒரு கருத்து; வெள்ளைக் கோட்டின் மரியாதையில் அறிவாக வேடம் கட்டியிருக்கிறது. அதன் விளைவைக் காண மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் போதும். கரும்பு வெட்டப் போகும் பெண்களிடையே 2019-ல் மாநில அரசு எடுத்த கணக்கில், ஏறத்தாழ 82,000 பேரில் 13,000-க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பை இழந்தவர்கள். வேலைக்கு வராத நாளுக்குத் தண்டம் பிடிக்கும் ஒப்பந்தமும், கட்டி புற்றாகிவிடும் என்ற பயமுறுத்தலும் அங்கே கைகோத்தன. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த தேவையற்ற அறுவைகளைக் குறித்து மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2022-ல் வகுத்த வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வாத்ஸ்யாயனர் சொன்ன இரண்டாம் தகுதியான இரக்கம், அறிவுக்கு ஒட்டவைத்த ஒழுக்கப் பூச்சு என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்கலாம். இரக்கம் போனபோது சொன்ன செய்தியே பொய்யாகிப் போனது.

இங்கே ஒரு பலமான மறுப்பு எழும். ஒருவர் அறிந்தவரா என்று கண்டுபிடிக்க, கேட்பவருக்கே அந்தப் பொருள் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் அவரிடம் ஏன் போகிறோம்? உரையைத் தனி அளவையாக ஏற்காத பௌத்தர், அது கடைசியில் கருதலே, சொல்பவரின் குணத்தைக் கொண்டு சொல்லை ஊகிக்கிறோம் என்பார். இந்த மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். ஊகம்தான், ஆனால் அந்த ஊகத்துக்கான அடையாளங்கள் மருத்துவம் படிக்காதவர் கண்ணுக்கும் தெரிபவை. எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் வருகிறதா? தான் செய்யாத சிகிச்சையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறாரா, அதற்கு வேறிடம் அனுப்புகிறாரா? இன்னொரு மருத்துவரிடம் காட்டுகிறேன் என்றால் ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கிறாரா, முகம் சுளிக்கிறாரா? எழுத்தில் படிக்கும் தகவலுக்கும் இதே கேள்விகள்தான், கூடவே ஒன்று: நான் நம்பினால் இவருக்கு என்ன விற்பனை ஆகும்?

நிபுணர்களே மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே என்பது அடுத்த மறுப்பு. உண்மை. கட்டியைத் துண்டாக்கிச் சிறு துளை வழியே எடுக்கும் மார்சிலேட்டர் கருவி பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. கட்டிக்குள் புற்று ஒளிந்திருந்தால் அது வயிறெங்கும் சிதறும் ஆபத்து மிக மிக அரிது என்றே சொல்லிவந்தார்கள். 2014-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., கட்டிக்காக அறுவை செய்துகொள்ளும் பெண்களில் 350-ல் ஒருவருக்கு அறியாத சார்க்கோமா என்ற புற்று இருக்கலாம் என்று எச்சரித்தது. 2017-ல் அதே நாட்டின் இன்னொரு அரசு அமைப்பு ஆய்வுகளைத் தொகுத்து, 10,000 அறுவைக்கு ஒன்றுக்கும் கீழிருந்து 13 வரை என்று குறைத்துக் கணக்கிட்டது. எந்த எண்ணை நம்புவது? கருவியின் தீங்கைத் தன் உடலிலேயே அனுபவித்த எமி ரீட் என்ற மருத்துவர் போராடாமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கே தொடங்கியிருக்காது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் எண் மாறியது எப்படி, எந்தத் தரவால் என்பது எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. என்றைக்கும் மாறாத சொல்லை உறுதி என்று கொண்டாடும் பழக்கம் நமக்கு உண்டு. கட்டியைக் கரைக்கும் பொடி விளம்பரமும் என்றைக்கும் மாறுவதில்லை.

கடைசியில் எஞ்சும் முடிவு எந்த நிபுணரின் எல்லைக்குள்ளும் வராது. கட்டி மீண்டும் வராமல் முற்றாகத் தீர்ப்பது கர்ப்பப்பையை அகற்றும் அறுவை மட்டுமே. மற்ற வழிகளில் திரும்ப வரக்கூடும். மாதவிடாய் நிற்கும் முன்பே சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்க நேரலாம். எனவே அதைத் தனியாகக் கேட்டு, தனியாகச் சம்மதிக்க வேண்டும். இவ்வளவையும் அறிந்த ஒரு பெண், பத்து வருஷம் பட்டது போதும், கர்ப்பப்பையை எடுத்துவிடுங்கள் என்றால், தேவையற்ற அறுவைகளை எதிர்ப்பவர்கள் அவரை ஏமாந்தவராகப் பார்க்கிறார்கள். இன்னொரு பெண், இந்தப் போக்கோடு இன்னும் இரண்டு வருஷம் சமாளிக்கிறேன், மாதவிடாய் நிற்கட்டும் என்றால், மருத்துவமனை அவரைப் பிடிவாதக்காரியாகப் பார்க்கிறது. இருவரும் அறிந்தே சொல்கிறார்கள் என்றால், இரு தரப்புக்கும் அவர்களைத் திருத்தும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதை அந்தத் தரப்பினர்தான் விளக்க வேண்டும்.