புதுநன்மை வகுப்பில்

நவம்பர் 2. கல்லறைத் திருநாள்.

உப்புக்காற்றில் மெழுகுதிரி நிற்பதில்லை. பிள்ளைகள் கைகளைக் குவித்து மறைக்கிறார்கள். அணைகிறது. பற்றவைக்கிறார்கள். அணைகிறது.

அவர்களுக்கு இது விளையாட்டு. செபமும்தான் போல.

*

பாட்டி ஒருத்தி பேத்தியிடம் சொல்கிறாள்.

"சாமிக்கு ரொம்பப் பிரியமானவங்கள சீக்கிரம் கூப்பிட்டுக்கிடுவாரு, மக்ளே."

அன்பாகத்தான் சொல்கிறாள். எட்டு வயதுக்காரி கேட்டுக்கொள்கிறாள்.

அடுத்த ஞாயிறு அந்தப் பேத்தி தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து பூசை காண்கிறாள். பீடத்திலிருந்து பார்த்தால் தெரியாத இடம்.

*

வகுப்பறைத் தரையில் மணல். பெருக்கியாயிற்று. திரும்பவும் மணல். பாதத்தின் அடியில் நறநறக்கிறது.

சற்று நேரம் அந்தச் சத்தம் மட்டும்.

*

உயிர்ப்பைப் பற்றிய பாடம். விடியாத காலை. நறுமணப் பொருள்களோடு பெண்கள். உருட்டிவிட்ட கல். உள்ளே யாரும் இல்லாத கல்லறை.

"எங்க அப்பாக்க கல்லறையும் காலிதான்" என்கிறான் ஒருவன்.

கேட்கிறானா, சொல்கிறானா. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருக்கிறது.

மின்விசிறி சுற்றுகிறது.

*

நவம்பர் 30. புனித அந்திரேயாவின் திருநாள். மீன்பிடித்தவர். வலையை விட்டுவிட்டு எழுந்து போனவர்.

2017இல் இதே நாளில் ஒக்கி புயல். ஆழ்கடல் படகுகள் பல நாள் முன்பே கிளம்பியிருந்தன. எச்சரிக்கை போய்ச் சேருகிற தூரத்தில் அவை இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை. வரிசையாகக் கடற்கரை ஊர்கள். ஊருக்கு ஊர் திரும்பாதவர்கள்.

காலிக் கல்லறை என்றவன் அப்போது தாயின் வயிற்றில்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு குருசு நட்டிருக்கிறார்கள். அதில் பெயர். பிறந்த தேதி. கீழே மணல்.

*

அவனுக்குச் சொல்லப் பதில் இருக்கிறது. பாடநூலில் இருக்கிறது. நல்ல பதில். நானும் அதை நம்புகிறேன்.

வாயெடுக்கிறேன்.

ஒருநாள் எல்லோரும் எழுவோம் என்பது உண்மையாக இருக்கலாம். அதை இத்தனை வேகமாகச் சொல்லும்போது யாரைத் தேற்றுகிறேன் என்று தெரியவில்லை.

வெளியே யாரோ வலை உதறுகிறார்கள்.

*

யோவான், 11ஆம் அதிகாரம். பெத்தானியா.

லாசருக்கு நோய் என்று செய்தி கிடைத்த பிறகும் இயேசு இரண்டு நாள் தங்கிவிடுகிறார். வந்து சேரும்போது லாசர் கல்லறைக்குள் போய் நான்கு நாள். மார்த்தா வந்து குறைப்படுகிறாள். பிறகு மரியா வந்து அதே குறையைச் சொல்கிறாள். முன்னமே வந்திருக்கலாமே என்று.

இருவரையும் அவர் கண்டிக்கவில்லை.

35ஆம் வசனத்தில் அழுகிறார். லாசரைக் கூப்பிடத்தான் வந்திருக்கிறார். லாசர் வருவான் என்று தெரியும். இருந்தும் அழுகிறார்.

பிள்ளைகளுக்கு இங்கே நிற்கப் பொறுமை இல்லை. கட்டுகளோடு லாசர் வெளியே வரும் இடம்தான் வேண்டும். ஒருவன் துண்டைச் சுற்றிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து காட்டுகிறான். சிரிப்பு.

தூணுக்குப் பின்னால் உட்காருகிறவள் மட்டும் சிரிக்காமல் கேட்கிறாள்.

"சத்தமா அழுதாரா?"

*

சத்தமாகவா?

வீடு வந்த பிறகும் கூடவே இருக்கிறது. அரிசி களையும்போது. விளக்கை அணைத்த பிறகு.

*

யோபுவின் நண்பர்கள் ஏழு பகல், ஏழு இரவு அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதுவரை நல்ல நண்பர்கள்.

பிறகு வாய் திறக்கிறார்கள். காரணம் சொல்லத் தொடங்குகிறார்கள். எத்தனையோ அதிகாரங்கள் காரணம் சொல்கிறார்கள். துட்டி வீட்டுத் திண்ணையில் கேட்கிற அதே காரணங்கள்.

கடவுள் பேசுவது 38ஆம் அதிகாரத்தில். காரணம் ஒன்றும் இல்லை. திரும்பக் கேள்விகள். கடலுக்குக் கதவு போட்டது யார் என்றும் ஒரு கேள்வி.

இந்தக் கரையில் அதை உரக்கப் படிக்க எனக்கு வரவில்லை.

*

மூச்சு உள்ளே வருகிறது. போகிறது.

அலை எண்ணுவதில்லை.

*

டிசம்பர். குடில் கட்டுகிறார்கள். வைக்கோல் மணம். போன வருடத்து ஆடு ஒன்றுக்குக் கால் உடைந்திருக்கிறது. சாய்த்து நிறுத்துகிறார்கள். ஞானிகளை எந்தப் பக்கம் வைப்பது என்று சண்டை.

காலிக் கல்லறைக்காரன் குடிலின் ஓரத்தில் ஒரு படகு வைக்கிறான். தீப்பெட்டி அட்டையில் செய்தது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

*

டிசம்பர் 26.

சுனாமி வந்த 2004இல் இது ஞாயிற்றுக்கிழமை. பிறப்புப் பூசையின் பூக்கள் வாடியிருக்காது.

குளச்சலில், கொட்டில்பாட்டில், மணக்குடியில் பலரை ஒரே குழியில் அடக்கியிருக்கிறார்கள். வருடந்தோறும் அங்கே பூசை, மெழுகுதிரி, பெயர் சொல்லி அழுகை. கூட வருகிற பிள்ளைகள் அப்போது பிறக்காதவர்கள். அம்மா ஏன் அழுகிறாள் என்று பார்க்கிறார்கள். படத்தில் இருக்கிற அக்காள் தன்னைவிடச் சின்னவளாக இருப்பதைப் பார்க்கிறார்கள்.

*

வேளாங்கண்ணியில் தண்ணீர் கோயிலுக்குள் ஏறவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. நன்றியோடு சொல்கிறார்கள்.

அதே காலையில் அங்கே கரையில் நின்ற யாத்திரிகர்களைக் கடல் கொண்டுபோயிற்று.

முதலாவதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்வது எளிது.

*

டிசம்பர் 28. மாசில்லாக் குழந்தைகள் திருநாள். சாமியாருக்குச் சிவப்பு உடை.

பெத்லகேமிலும் சுற்று வட்டாரத்திலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண்பிள்ளைகள். கொல்லச் சொல்லி ஏரோதின் ஆணை. குடிலில் ஏரோதுக்குப் பொம்மை கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கும் கிடையாது. மத்தேயு விடவில்லை. எரேமியாவின் ராகேலைக் கூட்டி வருகிறார். அவள் அழுகிறாள், ஆறுதல் வேண்டாம் என்கிறாள். அவளைத் தேற்றாமலே மத்தேயு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

இதை இந்த வயதில் சொல்லலாமா என்று தயங்குகிறேன். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அக்காமார் சொல்லியிருக்கிறார்கள்.

"மத்தப் பிள்ளைங்க செத்தது இயேசுவுக்குத் தெரியுமா டீச்சர்?"

காலிக் கல்லறைக்காரன்தான்.

அவர் கைக்குழந்தை, அதற்குள் எகிப்துக்குத் தூக்கிப் போய்விட்டார்கள் என்கிறேன்.

"வளந்த பெறவு?"

நற்செய்தியில் இல்லை.

மாதா சொல்லியிருப்பாங்க என்கிறாள் ஒருத்தி. எத்தனை வயசுல என்கிறான் அவன். பன்னிரண்டில், எருசலேம் கோயிலில் தொலைந்து கிடைத்த பிறகு, என்கிறாள் தூணுக்குப் பின்னால் உட்காருகிறவள். அது ரொம்ப லேட்டு என்கிறான். துண்டு சுற்றி நடந்தவன், மாதா அழுதிருவாங்க, சூசையப்பர்தான் சொல்லியிருக்கணும், பட்டறையில வச்சு, என்கிறான். அவரும் அழுவாரு என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அழுதா என்ன, அழுதுக்கிட்டே சொல்லட்டும், என்கிறாள் இவள். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிகிறது. கேட்டால்தான் சொல்லணும் என்று ஒரு கட்சி. கேக்காமலே சொல்லணும் என்று ஒரு கட்சி. வயசில் மட்டும் கிட்டத்தட்ட எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். எட்டு போதும்.