பக்கத்து மூட்டின் பாரம்

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் இருக்கின்றன. குனிவதும் நிமிர்வதும் அவற்றுக்கிடையே உள்ள டிஸ்க்குகளும் பின்பக்கச் சிறு மூட்டுகளும் பங்கிட்டுச் செய்யும் வேலை. அதில் ஒரு மூட்டை ஸ்க்ரூவும் ராடும் வைத்து அசையாமல் இணைத்துவிட்டால், அதன் பங்கு வேலை எங்கே போகும்?

ஆபரேஷன் முடிந்து சில ஆண்டுகள் ஆன ஒருவரைக் குனியச் சொல்லி ஓர் எக்ஸ்ரேயும், பின்னால் வளையச் சொல்லி இன்னொன்றும் எடுக்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நான்காவது, ஐந்தாவது எலும்புகளில் இறங்கிய ஸ்க்ரூக்களுக்கிடையே கோணம் மாறவே இல்லை. ஆபரேஷன் வெற்றி என்பதற்கு அதுவே சான்று. பார்வையைச் சற்று மேலே கொண்டுபோனால் சிலருக்கு வேறு கதை தெரியும். மூன்றாவது எலும்பு நான்காவதன் மேல் சில மில்லிமீட்டர் பின்னால் சரிந்திருக்கும். நடுவே டிஸ்க்கின் உயரம் குறைந்திருக்கும். காலில் இறங்கும் புதிய வலி பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

எலும்பை இணைக்கும் இந்தச் சிகிச்சை 1911-இல் நியூயார்க்கில் தொடங்கியது. ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃப்ரெட் ஆல்பி இருவரும் முதுகெலும்புக் காசநோய்க்காகத் தனித்தனியே இதைச் செய்தார்கள். காசம் அரித்த எலும்பு நொறுங்கிக் கூன் விழும். அங்கே அசைவை நிறுத்துவதே வைத்தியம். பின்னாளில் அதே வைத்தியம் தேய்மானத்துக்கும் வெறும் முதுகுவலிக்கும் வந்தது. அந்த நோயாளிகளில் பலர் இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் குனிந்து நிமிர்ந்து வாழ வேண்டியவர்கள்.

2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இடுப்பில் இணைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட 215 பேரைத் தொடர்ந்து கவனித்தது. பக்கத்து மூட்டு கெட்டு மறுபடி ஆபரேஷன் தேவைப்படுவோர் ஐந்து ஆண்டுகளில் 16.5 சதவீதம், பத்து ஆண்டுகளில் 36.1 சதவீதம் என்று அதன் கணக்கு. ஒரு மூட்டு தேய்ந்தவருக்கு அடுத்ததும் தானாகவே தேய்ந்திருக்கலாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமெல்லாம் வலியாக மாறுவதும் இல்லை. ஆனால் இணைத்த இடத்துக்கு அடுத்த டிஸ்க்கில் அழுத்தமும் அசைவும் கூடுவதைச் சடல முதுகெலும்புகளில் பலமுறை அளந்து பார்த்திருக்கிறார்கள். முழுப் பழியையும் வயதின் மேல் போட முடியாது.

எப்படி இணைக்கிறார்கள் என்பதிலும் விஷயம் இருக்கிறது. இடுப்பின் இயல்பான உள்வளைவைத் தட்டையாக்கி இணைத்தால், நிமிர்ந்து நிற்கவே மேலுள்ள மூட்டுகள் ஓயாமல் பின்னுக்கு வளைய வேண்டியிருக்கும். முதுகு வளைவு நோய்க்காக ஹாரிங்டன் ராடு பொருத்தப்பட்ட பலர் நடுவயதில் நிமிர முடியாமல் தவித்த பிறகே மருத்துவ உலகம் இதை நன்றாக உணர்ந்தது. மேல் ஸ்க்ரூ அடுத்த மூட்டை உரசினாலும், முதுகைத் தாங்கும் தசையை எலும்பிலிருந்து அதிகம் பிரித்தெடுத்தாலும் பாதிப்பு பக்கத்து மூட்டுக்குத்தான்.

எலும்பு முறிவு, கட்டி, காசநோய், கண்கூடான நழுவல் ஆகியவற்றுக்கு இணைப்பு தேவைப்படலாம். அதில் தயங்க வேண்டியதில்லை. ஆனால் நரம்புப் பாதை குறுகிய 247 பேரிடம் சுவீடனில் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், நரம்பின் நெருக்கத்தை மட்டும் விடுவித்தவர்களைவிடக் கூடவே எலும்பையும் இணைத்துக்கொண்டவர்கள் இரண்டு ஆண்டுகளில் கூடுதல் நலம் எதுவும் பெறவில்லை. அப்படியிருக்க, வேண்டாத இடத்தில் இணைத்துப் பக்கத்து மூட்டைப் பணயம் வைப்பது தவறு.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இந்த ஆபரேஷன் என்று சொன்னால், கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்: இணைக்காமல் நரம்பை மட்டும் விடுவித்தால் போதாதா? வளைவை எப்படிக் காப்பாற்றுவீர்கள்? மேலேயுள்ள மூட்டு இப்போது எந்த நிலையில் இருக்கிறது?