தடிக்குள் இருந்த பொன்

துப்பறியும் நாவல் படிப்பவர்களுக்கு நம் நாட்டில் ஒரு கூச்சம் உண்டு. ரயிலில் உட்கார்ந்து படிக்கும்போது அட்டையை மடித்துப் பிடித்துக்கொள்வார்கள். யாரும் கேட்காமலே, "சும்மா, பொழுதுபோக்குக்கு" என்று சமாதானம் சொல்வார்கள். பண்டித நடேச சாஸ்திரி 1894-இல் 'தானவன்' என்ற போலீஸ் நிபுணனைத் தமிழில் உலவ விட்டார். 1908-இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வந்தது. துப்பறியும் கோவிந்தன் வந்தான். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கூச்சம் மட்டும் போகவில்லை.

கடந்த சில மாதங்களாக நான் மர்ம நாவல்களையும் விஞ்ஞானக் கதைகளையுமே அதிகமாகப் படித்து வந்தேன். சில புதியவை, சில மறுபடி படித்தவை. இவற்றில் பாதிக்கு மேல் குப்பை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிணத்தைக் காட்டிப் பயமுறுத்துவதும், அத்தியாயத்துக்கு ஒரு கதவைத் திறந்து மூடுவதும் தவிர வேறொன்றும் தெரியாத நாவல்களைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நல்லவை என்று எடுத்து வைத்த நாலைந்தை அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. இவை 'கொன்றவன் யார்?' என்று கேட்பதாக நாம் நினைக்கிறோம். உள்ளே கேட்பது வேறு கேள்வி: பொய் என்பது எங்கே இருக்கிறது? சொல்லிலா, சொல்லுகிறவனின் நோக்கத்திலா?

இந்தக் கேள்விக்கு நம் பக்கத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டரில் திருவாமாத்தூர். மூவர் தேவாரமும் பெற்ற தலம். கிழக்கு நோக்கி அபிராமேசுவரர், எதிரே தனிக் கோயிலில் மேற்கு நோக்கி முத்தாம்பிகை. வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் மடம் அமைத்து வாழ்ந்து, 1898-இல் சமாதி அடைந்ததும் இந்த ஊரில்தான். ஆனால் சுற்று வட்டாரத்து ஜனங்களுக்கு இந்த ஊர் என்றதும் நினைவுக்கு வருவது வட்டப்பாறை. அதன்முன் பொய்ச் சத்தியம் செய்தவன் பிழைக்கமாட்டான் என்பது நம்பிக்கை.

அதற்கு ஒரு கதை சொல்வார்கள். வாய்க்கு வாய் சிறிது மாறும், சாரம் இதுதான். அண்ணன், தம்பி இரண்டு பேர். தம்பிக்குச் சேரவேண்டிய பொருளை அண்ணன் அபகரித்துக்கொண்டான். விவகாரம் முற்றி, வட்டப்பாறையில் வந்து சத்தியம் செய் என்றார்கள். அண்ணன் யோசித்தான். பொன்னைக் கைத்தடிக்குள் குடைந்து அடைத்துக்கொண்டு வந்தான். சத்தியம் செய்யும் நேரத்தில், "கொஞ்சம் இதைப் பிடி" என்று தடியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, "அவன் பொருள் என்னிடம் இல்லை, அவனிடமே இருக்கிறது" என்று சத்தியம் செய்தான். பாறை ஒன்றும் செய்யவில்லை. தடியை வாங்கிக்கொண்டு நடந்தான். கொஞ்சதூரம் போனபிறகு, தெய்வத்தையே ஏமாற்றிவிட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லிச் சிரித்தான். தும்பூர்ப் பக்கம் பாம்பு கடித்துச் செத்தான். தும்பூர் நாகம்மன் கோயிலை இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வார்கள்.

இந்த அண்ணனை எனக்கு வெகு காலமாகத் தெரியும். செர்வாண்டெஸ் 1615-இல் வெளியிட்ட 'டான் குயிக்சாட்' இரண்டாம் பாகத்தில் அவன் ஒரு ஸ்பானியக் கிழவனாக வருகிறான். கடன் வாங்கிய பத்துப் பொற்காசுகளைத் தடிக்குள் மறைத்து, கடன் கொடுத்தவன் கையில் தடியைக் கொடுத்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சத்தியம் செய்கிறான். அங்கே நியாயாதிபதி சாங்கோ பான்ஸா. எழுத்து வாசனை இல்லாத குடியானவன். அவன் மூக்கின்மேல் விரலை வைத்துக் கொஞ்சநேரம் யோசிக்கிறான். தடியைக் கொண்டுவரச் சொல்லி உடைக்கிறான். காசு கொட்டுகிறது. நம் மரியாதைராமனும் இதையேதான் செய்திருப்பான்.

ஒரே புதிர், முடிவு இரண்டு. ஒன்றில் பாம்பு, மற்றொன்றில் துப்பறிபவன். பாம்பின் பெருமை அது ஏமாறாது என்பது. சாங்கோவின் பெருமை, காசு அன்றைக்கே உரியவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது. தம்பிக்குப் பொன் கிடைத்ததா என்று திருவாமாத்தூர்க் கதையில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. தண்டனையில் நமக்கு இருக்கும் ஆர்வம் நஷ்ட ஈட்டில் இருப்பதில்லை. பெரும்பாலான மர்ம நாவல்களிலும் அப்படித்தான். விலங்கு மாட்டியவுடன் கதை முடிந்துவிடுகிறது. செத்தவனுடைய பெண்டாட்டி பிள்ளைகள் மறுநாள் காலையில் என்ன செய்தார்கள் என்று எந்த ஆசிரியரும் போய்ப் பார்ப்பதில்லை.

அண்ணன் சொன்ன வார்த்தையை மட்டும் எடுத்துப் பாருங்கள். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. பொருள் அந்தக் கணத்தில் தம்பி கையில்தான் இருந்தது. அகதா கிறிஸ்டி 1926-இல் எழுதிய 'ரோஜர் அக்ராய்டின் கொலை' நாவலின் வித்தை முழுவதும் இதுவே. கதை சொல்லுகிறவர் நம்மிடம் பொய் சொல்வதில்லை. நடந்ததைச் சொல்கிறார், ஒரு சில நிமிஷங்களைத் தாண்டிப் போய்விடுகிறார். இது தர்மமல்ல, வாசகனை மோசம் செய்வது என்று அந்தக் காலத்தில் சிலர் கோபித்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. திரும்பப் படித்தபோது பயம்தான் வந்தது. ஒரு யோக்கியமான மனிதர் தம்முடைய ஒவ்வொரு வாக்கியத்தையும் உண்மையாக வைத்துக்கொண்டு, மொத்தத்தில் பொய்யாக இருக்க முடியும் என்பதை நீதிநூல் எதுவும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

திருவாமாத்தூரில் இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் உண்டு. ஒருவர் குருடர், ஒருவர் முடவர் ஆகிய இரட்டைப் புலவர்கள் இந்தத் தலத்துக்குக் கலம்பகம் பாடினார்கள். பம்பை ஆற்றுக்கு எந்தக் கரையில் கோயில் இருக்கிறது என்பதை மாற்றிப் பாடிவிட்டார்களாம். கேட்டவர்கள் தப்பு என்றார்கள். பிறகு வெள்ளம் வந்து, ஆறு பாதையை மாற்றிக்கொண்டு, பாட்டை மெய்யாக்கிவிட்டதாம். ஆறு திசை மாறுவது பூகோளத்தில் சகஜம்; அதைப் பற்றி எனக்கு விவாதமில்லை. இரண்டு கதையையும் ஒரே ஊர் காப்பாற்றி வைத்திருக்கிறதே, அதுதான் எனக்கு அதிசயம். ஒன்றில், எழுத்தளவில் உண்மையாக இருந்த சொல் பொய்யாகத் தண்டிக்கப்படுகிறது. மற்றொன்றில், எழுத்தளவில் தவறாக இருந்த சொல்லை மெய்யாக்க ஆறே நகர்ந்து கொடுக்கிறது. இரண்டிலும் பார்க்கப்பட்டது சொல்லல்ல, சொன்னவனின் கருத்து.

அப்படியானால் கருத்தைப் பார்க்கத் தெரிந்த பாறை ஒன்று இருந்துவிட்டால் போதுமே என்று தோன்றும். விஞ்ஞானக் கதைக்காரர்களுக்கு இந்த ஆசை ஓயாது. ஐசக் அஸிமோவ் 1941-இல் எழுதிய 'லயர்!' என்ற சிறுகதையில் மனத்தைப் படிக்கும் ரோபோ ஒன்று வருகிறது. எல்லார் உள்ளமும் அதற்குத் தெரியும். ஆனால் மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடாது என்பது அதன் விதி. மனம் புண்படுவதும் தீங்குதானே? ஆகவே அது ஒவ்வொருவரிடமும் அவரவர் விரும்பியதையே சொல்கிறது. எல்லாம் அறிந்த யந்திரம், அறிந்த காரணத்தாலேயே பொய்யாகிவிடுகிறது. சின்னக் கதைதான், பெரிய விஷயம்.

அவருடைய 'தி நேக்கட் சன்' (1957) நாவல் இன்னும் ஒரு படி போகிறது. ரோபோக்கள் கொலை செய்ய முடியாத உலகத்தில் ரோபோக்களைக் கொண்டு கொலை செய்வது எப்படி? துப்பறிபவன் யோசித்துச் சொல்கிறான்: ஒரு ரோபோ தண்ணீரில் விஷத்தைக் கலக்கிறது, யார் குடிக்கப்போகும் தண்ணீர் என்று அதற்குத் தெரியாது. இன்னொரு ரோபோ தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. உள்ளே என்ன என்று அதற்குத் தெரியாது. இரண்டின் மேலும் குற்றமில்லை. தடியைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியை இங்கே நினைத்துக்கொண்டேன். தனக்கு எதிரான பொய்யைத் தன் கையாலேயே தாங்கிக்கொண்டு நின்றவன் அவன்.

நிஜ வாழ்க்கையிலும் இந்தப் பாறையை நாம் தேடாமலில்லை. 1873-ஆம் வருஷத்துப் பிரமாணச் சட்டத்தில், எதிராளி இன்ன விதமாகச் சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன் என்று ஒரு கட்சிக்காரர் கோர்ட்டில் சொல்லலாம். அவ்விதம் எதிராளி சத்தியம் செய்துவிட்டால் சொன்னவரைப் பொறுத்தவரை அதுவே முடிவான சாட்சியம். 1969-இல் வந்த சட்டத்தில் அந்தப் பிரிவுகள் இடம்பெறவில்லை. பிறகு யந்திரங்களும் மருந்துகளும் வந்தன. பொய் கண்டறியும் கருவி, மூளை அலைச் சோதனை, ஊசி போட்டு உளற வைப்பது ஆகிய மூன்றையும் ஒருவருடைய சம்மதமில்லாமல் செய்யக்கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் நிர்ப்பந்திக்கக் கூடாது என்ற அரசியல் சட்டத்தின் 20-ஆவது ஷரத்து அதற்கு ஆதாரம். மனிதன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்ற உரிமை, பாறைக்கு முன்னால் நிறுத்தப்பட்டவனுக்கு இருந்ததில்லை. அந்த உரிமை பொய்யனுக்கும் சேர்த்துத்தான் கிடைக்கிறது. கிடைக்கட்டும்.

நம்மவர்களில் சுஜாதா இந்த இழுபறியை நன்றாக அறிந்தவர். 'என் இனிய இயந்திரா'வில் அவர் எழுதிய 2021 வந்து போய்விட்டது. ஜீனோ என்ற நாய் மட்டும் இன்னும் வரவில்லை. அவருடைய 'கொலையுதிர் காலம்' எனக்கு அதைவிட உசத்தி. கணேஷ் விஞ்ஞானத்தைத் தேடுகிறான், வசந்துக்குப் பிசாசின்மேல் சந்தேகம். கதை முடிந்த பிறகும் அந்த வழக்கு முழுக்கத் தீர்வதில்லை. பாம்பா, சாங்கோவா என்று தீர்மானிக்காமல் நம்மை விட்டுவிட்டுப் போகிறார். குமுதத்தில் வாராவாரம் படித்தவர்களுக்குத் தூக்கம் கெட்டதில் ஆச்சரியமில்லை.

இனிச் சொல்லப்போவதில் ஒரு நாவலின் முடிவு வெளிப்பட்டுவிடும். கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' படிக்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொண்டு, அதைப் படித்துவிட்டு வரலாம். 2005-இல் ஜப்பானில் வந்து, 2011-இல் ஆங்கிலத்தில் கிடைத்த புத்தகம். நான் சமீபத்தில் படித்தவற்றில் என்னை அதிகமாகத் தொந்தரவு செய்தது இதுதான்.

அதற்குமுன் நம்மில் அநேகர் பார்த்த 'பாபநாசம்' (2015) படத்தைச் சொல்லிவிடுகிறேன். 2013-இல் வந்த மலையாள 'திருஷ்யம்' கதைதான். மகளின் கையால் நேர்ந்த ஒரு சாவை மறைக்கச் சுயம்புலிங்கம் குடும்பத்தோடு ஒரு பிரயாணம் போகிறான். பின்னால் போன பிரயாணத்தைச் சம்பவ நாளிலேயே போனதாகச் சாட்சிகள் மனத்தில் பதித்துவிடுகிறான். சாட்சி சொன்ன ஒருவரும் பொய் சொல்லவில்லை. பஸ், ஹோட்டல், சினிமா எல்லாம் உண்மை. தேதி ஒன்றுதான் பொய். தடி, பொன், எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் கொட்டகையில் ஒருவர்கூடப் பாம்பு வரவேண்டும் என்று விரும்பவில்லை. வந்துவிடக் கூடாதே என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. தாயையும் மகளையும் மானபங்கத்துக்கு அழைத்தவனுக்காக அழ எனக்கும் மனமில்லை. சட்டம் அவர்களைக் காப்பாற்றியிருக்குமா என்று கேட்டால், காப்பாற்றியிருக்கும் என்று உறுதி சொல்ல இந்த நாட்டில் யாருக்கு வாய் வரும்?

ஹிகாஷினோ இதே இடத்தில் நம்மை உட்கார வைத்துவிட்டு, மெதுவாக நாற்காலியை உருவுகிறார். கணித ஆசிரியர் இஷிகாமி, அடுத்த வீட்டுப் பெண் தன்னைத் துன்புறுத்திய பழைய கணவனைக் கொன்றுவிட்டதை அறிகிறார். அவளையும் அவள் மகளையும் காப்பாற்றத் திட்டம் போடுகிறார். பிரதிபலன் கேட்கவில்லை. போலீஸ் கேட்பதற்கெல்லாம் அந்தப் பெண் உண்மையே சொல்கிறாள். அவர்கள் கேட்கும் நாளில் அவள் ஒன்றுமே செய்யவில்லை. முன்னூறு பக்கம் நாம் இஷிகாமியின் கட்சி. தப்பிவிட வேண்டுமே என்று பிரார்த்திக்கிறோம். முடிவில்தான் தெரிகிறது: தேதியை மாற்ற அவருக்கு இன்னொரு பிணம் தேவைப்பட்டிருக்கிறது. வீடு வாசலில்லாமல் ஆற்றோரம் கிடந்த ஒருவனைக் கொன்று, பழைய கணவனாகக் காட்டியிருக்கிறார். காணோம் என்று தேட யாருமில்லாதவன் என்பதாலேயே அவன் தேர்ந்தெடுக்கப்பட்டான்.

இஷிகாமியின் அன்பு பெரிது என்று வாசகர்கள் கண்ணீர் விடுகிறார்கள். நானும் இரவு இரண்டு மணிக்குப் புத்தகத்தை மூடியபோது அவருக்காகத்தான் வருந்தினேன். மறுநாள் முதல் அத்தியாயத்தைத் திருப்பிப் பார்த்தேன். இஷிகாமி காலையில் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோகிறார். சுமிதா நதிக்கரையில் வீடற்றவர்கள் வரிசையாகக் குடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் புதிதாக வந்தவன், இன்னும் அந்த வாழ்க்கைக்குப் பழகாதவன். முதலில் படித்தபோது நான் அவனைக் கவனிக்கவே இல்லை. கண் அவனைத் தாண்டி அடுத்த வாக்கியத்துக்குப் போயிருந்தது. நாவலில் அவனுக்குப் பெயரில்லை. 'என்ஜினீயர்' என்று இஷிகாமி மனத்துக்குள் கூப்பிட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான்.