தன் ஒளி இல்லாத திரை

எங்கள் ஊரில் இரவு கரண்ட் போனால் வீட்டில் ஒரே ஒரு அரிக்கேன் விளக்குதான் எரியும். அது முற்றத்துத் தூணடியில், அப்பத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும். 1991ஆம் ஆண்டுக் கோடையில் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா எனக்கு ஒரு நின்டெண்டோ கேம் பாய் விளையாட்டுக் கருவி வாங்கி வந்திருந்தார். சாம்பல் நிறம், கையில் பிடித்தால் நல்ல கனம், முதுகில் நான்கு பென்டார்ச் செல்கள், டெட்ரிஸ் கேசட். பகலெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து ஆடினேன். இருட்டியதும் திரை மறைந்துவிட்டது. பாட்டுக் கேட்கிறது, திரைக்கு இடப்பக்கம் சிவப்புப் பொட்டு எரிகிறது, விழுகிற கட்டைகள் மட்டும் தெரியவில்லை.

"ஏண்டா, அது தானா எரியாதா?" என்று கேட்டாள் அப்பத்தா.

"எரியாது அப்பத்தா. வெளிச்சம் வேணும்."

"அப்ப இங்கிட்டு வந்து உக்காரு."

போய் உட்கார்ந்தேன். விளக்கொளி திரையில் விழும்படி கருவியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஒரு விரற்கடை கூடச் சாய்ந்தால் சுடரே திரையில் தெரிந்து கண்ணைக் கூசும். ஓரத்துச் சிறு சக்கரத்தைத் திருகினால் கட்டைகள் கறுக்கும். அப்பத்தா தேவாரத்தை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். தங்கை என் தோளில் தாடையை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கோடையின் இரவுகள் எனக்கு அப்படித்தான் நினைவிருக்கின்றன.

ஒரு பொருளின் நிறையைத் தனியாக, குறையைத் தனியாக எழுதி, எது கூடுதல் என்று பார்ப்பது நம் வழக்கம். மனிதர்களையும் அப்படித்தான் எடைபோடுகிறோம். இரண்டும் ஒரே வேரில் முளைத்திருந்தால் எந்தத் தட்டில் எதை வைப்பது?

கேம் பாயை உருவாக்கியவர்களுக்குத் தலைமை தாங்கியவர் குன்பெய் யோகோய். கியோட்டோக்காரர். 1965இல் நின்டெண்டோவில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது, சீட்டு அச்சிடும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. 'காய்ந்துபோன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது' என்பது அவர் கொள்கை. பழகித் தேய்ந்து விலை இறங்கிய உதிரிகளை எடுத்து, யாரும் நினைக்காத வேலைக்கு வைப்பது என்று பொருள். 1989இல் வந்த கேம் பாயின் திரை அப்படிப்பட்டதுதான். அகலத்தில் 160 புள்ளி, உயரத்தில் 144. பாசிப்பச்சையில் நான்கே சாயல். வேகமாக நகரும் உருவம் வால்போல் இழுபடும். பின்னால் விளக்கு கிடையாது. வெளியிலிருந்து விழும் ஒளி திரைக்குள் போய், அடியில் இருக்கும் பிரதிபலிப்புப் பூச்சில் பட்டுத் திரும்புகிறது. மின்சாரம் பாய்ந்த புள்ளிகளில் அந்த ஒளி தடுக்கப்படுவதால் அவை கறுப்பாகத் தெரிகின்றன. நாம் பார்த்தது முழுக்க அறையின் வெளிச்சத்தைத்தான்.

அடுத்த ஆண்டே சேகா நிறுவனத்தின் கேம் கியர் வந்தது. வண்ணத் திரை, உள்ளே விளக்கு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் பாய் ஏழை வீட்டுப் பிள்ளை. ஆனால் கேம் கியர் ஆறு செல்களைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். கேம் பாய் நான்கு செல்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். விளக்கில்லாத அதே காரணத்தால்தான் ஓடியது. குறையைப் பிடுங்கினால் நிறையும் கையோடு வந்துவிடும்.

ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். ஒருநாள் உயிருக்குக் கண்ணை உவமை சொல்லி நடத்தினார் ஆசிரியர். கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. ஆனால் ஞாயிற்றின் ஒளி வந்து கலக்காவிட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. இருளைச் சேர்ந்தால் இருளாய் நிற்கும், ஒளியைச் சேர்ந்தால் ஒளியாய் நிற்கும். உயிருக்கும் அறியும் தன்மை உண்டு, திருவருள் காட்டினால்தான் காணும். எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது முற்றத்துத் தூணடி. எல்லாக் கட்டைகளும் உள்ளே விழுந்துகொண்டே இருந்தன. பார்க்க விளக்கடிக்குப் போக வேண்டியிருந்தது.

அப்படியானால் குறை எல்லாம் அருளா? இல்லை. இதற்கு யோகோயின் வாழ்க்கையே சாட்சி. 1995இல் அவர் வர்ச்சுவல் பாய் என்ற கருவியைக் கொண்டுவந்தார். அதிலும் சிக்கனம்தான். கறுப்பின் மேல் சிவப்பு, வேறு நிறமே கிடையாது. ஓராண்டுக்குள் அது சந்தையிலிருந்து மறைந்தது. அதே மனிதர், அதே கொள்கை. வேறுபாட்டை நான் ஒன்றில்தான் காண்கிறேன். வர்ச்சுவல் பாய் தன் ஒளியிலேயே எரிந்தது. வெளிவெளிச்சம் புகாதபடி முகத்தை மூடும் மறைப்பில் கண்ணைப் புதைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. கேம் பாயின் குறை என்னை வெளியே, விளக்கை நோக்கி அனுப்பியது. இதன் குறை ஆளை உள்ளேயே அடைத்தது. குறைகளில் இந்த இரண்டு சாதி உண்டு என்று நம்புகிறேன். ஆகவே ஒரு குறையைப் பார்த்தால் அது எவ்வளவு பெரிது என்று கேட்பதைவிட, அது நம்மை எந்தத் திசையில் தள்ளுகிறது என்று கேட்பதே சரி.

இருள் எந்தப் பொருளையும் காட்டாவிட்டாலும் தன்னையாவது காட்டும், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலமோ தன்னையும் காட்டாது என்கிறார் உமாபதி சிவம், திருவருட்பயன் என்ற சித்தாந்த நூலில். இதன் ஆழத்தை எனக்குப் புரியவைத்தவன் தங்கை மகன். அவனிடம் இருப்பது இந்தக் காலத்துக் கருவி. கண்ணாடிபோல் தெளிவான வண்ணத் திரை. எதைக் கேட்டாலும் காட்டும். போன மாதம் இரவு பதினொரு மணிக்கு அவன் அறையைத் திறந்தேன். விளக்கில்லை. நீலவெளிச்சத்தில் ஒரு முகம் மட்டும் தெரிந்தது. "ஏம்ப்பா இருட்டுல உக்காந்திருக்க?" என்றேன். நிமிர்ந்து சுற்றிப் பார்த்தான். "இருட்டிருச்சா மாமா?" என்றான். இருட்டி நாலு மணி நேரம் ஆகியிருந்தது. என் கேம் பாயில் இருட்டினால் எனக்கு உடனே தெரிந்துவிடும்.

நான் அவன் கருவியைப் பழிக்கவில்லை. தன் ஒளியே போதும் என்ற நிலை எவ்வளவு இதமானதோ அவ்வளவு ஆபத்தானது என்று மட்டும் சொல்கிறேன். நன்றாகப் படித்தவர்களிடமும், பூசையில் ஊறியவர்களிடமும், என்னிடமும் அந்த இதத்தைக் கண்டிருக்கிறேன். தன் அறிவு பளிச்சென்று எரியும்போது சுற்றியுள்ள இருட்டு தெரிவதில்லை.

இப்போது எனக்கு வெள்ளெழுத்து. சித்தாந்த உரைகளின் பொடி எழுத்து, கண்ணாடி போட்டாலும் இரவில் கலங்குகிறது. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி வாங்கலாம் என்றாள் தங்கை. வாங்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் கூடத்து விளக்கைப் போட்டுவிட்டு, "இங்கிட்டு வந்து உக்காரு" என்று மருமகனைக் கூப்பிடுகிறேன். அவன் தன் கருவியைக் கீழே வைத்துவிட்டு வருகிறான். அவன் எழுத்துக்கூட்டி வாசிக்கிறான், எனக்குத் தெரிந்த பொருளை நான் சொல்கிறேன். அவன் கண் இல்லாவிட்டால் எனக்கு அந்த நூல் இல்லை. கூடத்து விளக்கு இல்லாவிட்டால் எங்கள் இரண்டு பேருக்குமே இல்லை.